மூணாத் தெரிஞ்ச எட்டு

ஏத்தா, ஒனக்கு வேற சோலியே இல்லையா? வாரம் தவறாம போனைத் தூக்கிட்டு வந்து மூஞ்சிக்கு நேரா நீட்டி, "சொல்லுங்க அப்பத்தா, சொல்லுங்க அப்பத்தா"ன்னா நான் என்ன ரேடியோப் பொட்டியா? போன வாரம் என் கல்யாணத்துல பந்தி பத்தாமப் போன கதைய வாங்கிட்டுப் போயி நெட்டுல போட்ட. பழங்காநத்தம் பூரா சிரிச்சுச்சு. இப்ப கடிகாரத்துக்கு வந்துட்ட. அடுத்தவுக வீட்டுல மணி என்னன்னு கேக்கலாம். கடிகாரத்துக்கு என்ன ஆச்சுன்னு கேக்கலாமா? வீட்டு விசயம்ல அது!

சரி, ஒக்காரு. காலை ஆட்டாம ஒக்காரு. நான் ஆட்டுறேன்னா அது அன்னைக்குப் புடிச்ச பரபரப்பு. இன்னும் காலை விட்டு எறங்க மாட்டேங்குது.

ஆயுத பூசை கழிஞ்சு வந்த சனிக்கிழமை. பட்டாசாலையில, அதான் வீட்டு முன் கூடத்துல, எம் பேரன் கார்த்தி தரையில சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கான். முன்னாடி அந்தக் கடிகாரம். பக்கத்து நாற்காலியில அவன் பொண்டாட்டி ஜெனிஃபரு, வயித்துப் புள்ளையோட, கையில ஸ்கேல வச்சுக்கிட்டு "அது இல்ல, அதுக்குப் பக்கத்துல"ன்னு காட்டிக்கிட்டிருக்கா. கடிகாரத்துல மணி என்ன தெரியுமா? யாருக்குமே தெரியாது. ஒரு நம்பரு மேல இன்னொரு நம்பரு ஏறிக் கெடக்கு. ஏழும் மூணும் எட்டும் ஒண்ணாக் கட்டிப் புரளுதுக.

"சினிமாக் கொட்டகை டிக்கெட்டு வரிசை மாதிரியில்ல நிக்குதுக"ன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. அப்பத்தான் விசயம் பெருசுன்னு எனக்கே ஒறைச்சுச்சு. நான் சொல்லிச் சிரிக்காத வீடு இல்ல எங்க வீடு.

குப்பிக்குள்ள கங்கு

நீ அந்தக் கடிகாரத்தப் பாத்ததில்லையே. முள்ளு கெடையாது. ஒரு மரப்பொட்டி. அது மேல நாலு கண்ணாடிக் குப்பி. நிக்ஸி டியூப்புன்னு பேராம். எனக்குக் குப்பிதான். ஒவ்வொரு குப்பிக்குள்ளயும் முட்டையிலருந்து, அதான் சைபர்லருந்து, ஒம்பது வரைக்கும் கம்பியிலயே நம்பர வளைச்சு, ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடுக்கி வச்சிருக்கும். எது எரியணுமோ அது மட்டும் அடுப்புக் கங்கு மாதிரி பத்திக்கிரும். மத்ததெல்லாம் இருட்டுல பேசாம நிக்கும்.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்குனவ. எழுத்து தகராறு. நம்பர் மட்டும் நல்லா வரும், பஸ்ஸுல போகணும்ல. அதனால அந்தக் கடிகாரம் வந்த நாள்லருந்து எனக்கும் அதுக்கும் ஒரு ஒட்டு. சும்மா அது முன்னாடி ஒக்காந்து நம்பரு மாறுறதப் பாத்துக்கிட்டிருப்பேன். சீரியல விட நல்லாருக்கும். யாரும் அழமாட்டாக.

அது ஜெனிஃபரோட அப்பா, சாரு, தன் கையால செஞ்சது. தல்லாகுளத்துல வீடு. மிசன் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் வாத்தியாரு. எதோ மில்லுல கழிச்சுப் போட்ட மிசினுலருந்து அந்தக் குப்பிகளக் கழட்டிட்டு வந்து பொட்டி கட்டிருக்காரு. இப்ப அந்த அளவுல குப்பி தேடுனாலும் கெடைக்காதாம். மகளுக்குன்னு சொல்லி வச்சிட்டு, கல்யாணத்துக்கு முன்னாடியே கண்ண மூடிட்டாரு.

கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு ஒனக்கே தெரியும். இவன் வீட்டுல முனியாண்டி, அவ வீட்டுல ஏசு. ரிஜிஸ்தர் ஆபீசுல மாலை. டீச்சரு, அதான் ஜெனிஃபரோட அம்மா கிரேஸ் டீச்சரு, வரல. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஆட்டோக்காரர் கையில இந்தக் கடிகாரத்தத் துணி சுத்திக் குடுத்துவிட்டாக. கூட ஒரு வார்த்தை. "பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க."

அம்புட்டுத்தான். மகளே நல்லாருக்கியான்னு கூட இல்ல. கடிகாரத்துக்குத்தான் பத்திரம்.

கை நனைக்காத வீடு

ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. டீச்சரு வர்றேன்னு போன் பண்ணிட்டாக. மொத மொத எங்க வாசல மிதிக்கப் போறாக. ஜெனிஃபரு அழுதுக்கிட்டே சிரிக்கிறா, சிரிச்சுக்கிட்டே அழுகுறா. பொறவு பையச் சொன்னா, "அம்மா சாப்பிட மாட்டாங்களாம். வளையல் போட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்களாம்."

இதக் கேட்டா எம் மருமக, கார்த்தியோட அம்மா பாண்டிச்செல்வி. நல்லவதான். ஆனா வாய்க்கு முன்னாடி யோசனை வராது அவளுக்கு. கரண்டிய டங்குன்னு வச்சா.

"நம்ம வீட்டுல கை நனைக்காதவுக வீட்டுக்கு எம் மருமகளப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன். புள்ள இங்கயே பொறக்கட்டும். யாரு வந்து கேப்பா பாப்போம்."

மொதப் பிரசவம். அந்தப் புள்ளைக்கு ஆத்தா மடியில போயி விழணும்னு இருக்காதா? அவ கடிகாரத்தப் பாத்தா. அது ஏழையும் மூணையும் ஒண்ணாக் காட்டிக்கிட்டிருந்துச்சு.

அப்பா செஞ்ச கடிகாரத்தக் கெடுத்து வச்சிருக்கீகன்னு டீச்சரு பாத்தா என்னாகும்? தண்ணி கூடக் குடிக்க மாட்டாக. எம் மருமக அனுப்ப மாட்டா. நடுவுல நெறமாசக்காரி. நான் அடுப்படிக்கும் வாசலுக்குமா நடந்தேன் பாரு, ஒக்கார எடமிருந்தும் ஒக்கார முடியல.

நோயி குப்பியோட போச்சு

எப்படிக் கெட்டுச்சுன்னு கேப்ப. அதையும் சொல்றேன், கேட்டுத் தொலை.

ஆயுத பூசைக்கு எங்க வீட்டுல எதையும் விடமாட்டோம். அருவாமனை, ஆட்டுக்கல்லு, கார்த்தியோட பைக்கு, காளவாசல்ல இருக்கிற அவன் செல்போன் கடையில ஸ்குரூ டிரைவரு வரைக்கும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, ஒரு நாள் ஓய்வு குடுத்துருவோம். கடிகாரத்துக்கும் பிளக்கப் புடுங்கி ஓய்வு. நாலு குப்பிக்கும் பொட்டு. பாக்கச் சுமங்கலி மாதிரிதான் இருந்துச்சுக.

மறுநாள் பிளக்கு சொருகுனா இந்தக் கூத்து.

கார்த்தி பொட்டியத் தொறந்தான். பிளக்கப் புடுங்கிட்டோமேன்னு தைரியமாக் கைய விட்டான். "ஆத்தே!"ன்னு துள்ளி விழுந்தான்.

"புடுங்குனதும் தொடக்கூடாது கார்த்தி. உள்ள கரண்டு கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்"னா ஜெனிஃபரு.

"இத மொதல்லயே சொல்ல மாட்டியா?"

"சொன்னேன். நீ போன் பாத்துட்டு இருந்த."

பொறவு குப்பிகள ஒவ்வொண்ணாக் கழட்டுனான். அடியில கம்பிக் கால் வரிசையா இருக்கு, அது சொருகுற குழியும் இருக்கு. குழிக்குள்ள பாத்தா சந்தனம்! நல்லா ஈரமா அப்பிக் கெடக்கு. ஒரு நம்பருக்குப் போற கரண்டு அந்த ஈரத்துல வழுக்கிப் பக்கத்து நம்பருக்கும் போயிருக்கு. அதான் எல்லாம் ஒண்ணா எரிஞ்சிருக்கு.

மெடிக்கல்ல ஸ்பிரிட்டு வாங்கி, பழைய பல்லு விளக்குற பிரசால தேச்சு, தல காய வைக்கிற மிசின வச்சுக் காத்தடிச்சான். திரும்ப மாட்டிப் போட்டா, கட்டிப் புரண்டதெல்லாம் பிரிஞ்சு போச்சு. தனித்தனி நம்பரு. நான் கை தட்டுனேன்.

ஜெனிஃபரு தட்டல. கடைசிக் குப்பியவே பாத்துக்கிட்டிருந்தா. நிமிசம் மாற மாற அவ மொகமும் மாறுது. நாலுக்குக் கால் இல்ல. ஆறுக்கு வயிறு இல்ல. எட்டு வந்துச்சு பாரு, இடது பக்கம் பூரா இருட்டு. அசல் மூணு.

எனக்கு இது பழக்கப்பட்ட சங்கடம். ஒருதடவ காளவாசல்ல பஸ்ஸுக்கு நின்னேன். பஸ்ஸு மூஞ்சியில எரியிற நம்பருல பாதி லைட்டு போயிருச்சு, எனக்குத் தெரியுமா? எட்ட மூணுன்னு நெனைச்சு ஏறிட்டேன். பேச்சுத் தொணைக்கு நல்ல ஆளு ஒருத்தி பக்கத்துல. அவ மருமக கதை முடியிறப்பத்தான் வெளிய பாக்குறேன், ரெண்டு பக்கமும் வயக்காடு. எறங்கி நின்னா கொக்கு என்னையப் பாக்குது, நான் கொக்கப் பாக்குறேன். யாரு வீட்டுக் கல்யாணத்துக்குக் கெளம்புனேனோ அவுக புள்ளைக்குக் காது குத்துனப்பத்தான் போயி மொய் வச்சேன். சரி, அத விடு.

"வயரு அத்துப் போயிருக்குமோ?"ன்னான் கார்த்தி.

"தெரிஞ்சுக்கலாம். கடைசிக் குப்பியையும் அதுக்கு முந்துனதையும் எடம் மாத்திப் போடு"ன்னா. "நோய் அதே எடத்துல நின்னா பொட்டியில கோளாறு. குப்பி கூடவே போனா குப்பியில கோளாறு."

மாத்திப் போட்டான். நோயி குப்பியோட போயிருச்சு. எங்க சின்ன நாத்தனா மாதிரி. எந்த வீட்டுக்குக் குடி போனாலும் சண்டை கூடவே போகும். வீட்டக் குத்தம் சொல்லிப் புண்ணியமில்ல.

ஜெனிஃபரு நெத்தியில கைய வச்சா. "இது கடைசி எடத்துக் குப்பியே இல்ல அப்பத்தா. இது மொத எடத்துல நின்னது. மணி பன்னெண்டத் தாண்டாதுல்ல, அங்க முட்டையும் ஒண்ணும் மட்டும்தான் எரியும். மத்த நம்பருக்கு வேலையே வராது. எரியிற நம்பருலருந்து கண்ணுக்குத் தெரியாத தூசி பறந்து, எரியாத நம்பரு மேல படிஞ்சு மூடிரும். யாரோ குப்பியக் கழட்டி மாத்தி மாட்டிருக்காங்க."

பாண்டிச்செல்வி அப்பப் பாத்து வேகமாப் போயி அடுப்பணைச்ச பாயசத்தக் கிண்டுனா.

நான் பாத்தேனே பூசை அன்னைக்கு! நாலு குப்பியையும் புடுங்கி, விபூதி போட்டுப் பளபளன்னு தேச்சு, கழுத்துல பொட்டு வச்சு, அவ பாட்டுக்குக் கையில கெடைச்சதக் கெடைச்ச குழியில சொருகுனா. வெள்ளி டம்ளரு அடுக்குற மாதிரி.

"எலியா இருக்கும்"னேன்.

"எலி சந்தனம் வைக்குமா அப்பத்தா?"

"பூசை வீட்டு எலிடி அது."

அந்தப் புள்ளைக்குப் புரிஞ்சிருச்சு. அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை. "அந்தக் குப்பிய மொத எடத்துலயே திருப்பி வச்சிரு கார்த்தி. அங்க இருந்தா ஒண்ணும் தெரியாது"ன்னா. வச்சான். கடிகாரம் சமத்தா ஓடுச்சு. சீக்காளிய, தின்னு கொழுத்த மாப்பிள்ளை மாதிரி, மொத வரிசையில நிறுத்தியாச்சு. யாருக்கும் தெரியப் போறதில்ல.

எனக்கு மட்டும் என்னமோ காலு நிக்கல.

ஓரத்து ஓட்டை

மறுநாள் டீச்சரு சர்ச்சு முடிச்சு நேரா வந்தாக. வெள்ளைச் சேலை, நீலக் கரை. கையில தோல் பை. பைக்குள்ளருந்து ஒரு தண்ணி பாட்டிலு தலைய நீட்டிக்கிட்டிருக்கு. எங்க வீட்டுத் தண்ணி கூட வேண்டாமாம். பாண்டிச்செல்வி அந்தப் பாட்டிலையே மொறைச்சா, அது என்னமோ அவள வஞ்ச மாதிரி.

வளையல் போட்டாக. கன்னத்துல சந்தனம் பூசுனாக. மக கண்ணத் தொடைச்சுவிட்டாக. சந்தனக் கையோட தொடைச்சதுல கண்ணு எரிஞ்சு அவ இன்னும் அழுதா. சொந்தக்காரவுக எல்லாம் பந்திக்கு எந்திரிச்சாக. டீச்சரும் எந்திரிச்சாக, வாசலுக்கு.

"நாங்க கெளம்புறோம்மா. ஆட்டோ நிக்குது."

பாண்டிச்செல்வி சேலை முந்தானைய இடுப்புல சொருகுனா. எனக்கு அந்தச் சொருகலு தெரியும். அடுத்து வார்த்தை வரும். வந்தா முடிஞ்சுச்சு.

நான் குறுக்க விழுந்தேன். "டீச்சர், சாரு கடிகாரத்தப் பாக்காமப் போறீகளே! எப்படி வச்சிருக்கோம் பாருங்க." எம் புத்தியப் பாரு. மறைக்கணும்னு முந்துன நாளு பாடுபட்டதக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்.

டீச்சரு கண்ணாடியப் போட்டாக. குப்பியத் தொடல. பொட்டியோட ஓரத்துல அஞ்சாவதா ஒரு குழி உண்டு, சும்மா வெறுங் குழி. சாரு முடிக்காம விட்டதுன்னு ஜெனிஃபரே நெனைச்சுக்கிட்டிருந்தா. டீச்சரு அதுல வெரல வச்சு எடுத்தாக. சாம்பல். மோந்து பாத்தாக.

"ஊதுபத்தியா?"

சத்தியமா எனக்கே அது தெரியாது. ஓட்டை இருக்கேன்னு எம் மருமக அதுல பத்தி சொருகியிருக்கா!

"கொசுவுக்கு டீச்சர்"னேன்.

"கொசுவுக்கு மல்லிகை வாசத்துலயா?"

அம்புட்டுத்தான், ஒடைஞ்சிருச்சு பாண்டிச்செல்விக்கு. "நான்தான் டீச்சர்! பூசைக்குக் குப்பியக் கழட்டிக் கழுவுனேன். மாத்தி மாட்டிட்டேன். எட்டு மூணாப் போச்சு. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு இதுக அதைக் கொண்டுபோயி மொத எடத்துல ஒளிச்சு வச்சுருச்சுக. எங்கள வையிறதுன்னா வஞ்சுட்டுப் போங்க. ஆனா சாரு பொருள அலட்சியமா வைக்கல. சாமிக்கு வைக்கிற எடத்துலதான் வச்சேன்."

பந்தியில அப்பளம் நொறுக்குன சத்தம் மட்டும் கேக்குது.

டீச்சரு நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்தாக. நுனியில இல்ல, நல்லாச் சாஞ்சு.

"அவரு வருசா வருசம் இதத்தான் செய்வாரு"ன்னாக. "கிறிஸ்மஸுக்கு வீடு வெள்ளையடிக்கிறப்ப பாப்பா தூங்குனப்பறம் நாலையும் கழட்டித் தொடைச்சு, எடம் மாத்தி வைப்பாரு. எல்லா நம்பரும் எரியணும், ஒண்ணு சும்மாவே நின்னா செத்துப் போகும்பாரு. அவரு போனப்பறம் நான் தொடவேயில்ல. பத்திரமா இருக்கட்டும்னு துணி போட்டுத் தொடச்சதோட சரி."

பொறவு ஜெனிஃபரப் பாத்தாக. "மாத்தி வச்சது தப்பில்ல பாப்பா. திரும்ப முன்னாடி கொண்டுபோயி ஒளிச்சீங்களே, அதுதான் தப்பு. அங்கயே நின்னா மிச்சமும் மூடிப்போகும்."

அந்த அஞ்சாவது குழி என்னன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. சீக்காளிக் குப்பிக்குப் படுக்கை அது! கீழ ஒரு குமிழு. அதத் திருகி எந்த நம்பரு மங்கியிருக்கோ அத மட்டும் கூடுதல் கரண்டுல எரிய விடணும். மேல படிஞ்சது கொஞ்சங் கொஞ்சமா உதிந்துரும்.

"ஆட்டோவப் போகச் சொல்லு கார்த்தி"ன்னாக டீச்சரு. மொத தடவயா மருமகனப் பேரு சொல்லிக் கூப்புட்டாக. அவன் வாசலுக்குப் போறேன்னு அடுப்படிக்குள்ள போனான்.

ஊறுகா

குழியில இருந்த சாம்பலச் சுரண்டி, ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சு, காய வச்சு, குப்பிய மாட்டி எட்டத் திருகி வச்சாக. பாதி எட்டு எரிஞ்சுச்சு. நல்லா செவந்து எரிஞ்சுச்சு. கடிகாரத்துல மொத எடம் காலி, முன்பல்லு விழுந்த புள்ளை மாதிரி. ஓரத்துல இது மட்டும் தனியா.

"எம்புட்டு நேரமாகும் டீச்சர்?"

"சொல்ல முடியாது. பாத்துக்கிட்டேதான் இருக்கணும். ரொம்பச் சூடாகக் கூடாது."

பாத்துக்கிட்டே இருந்தாக. சொந்தக்காரவுக தாம்பூலம் வாங்கிட்டுப் போனாக. டீச்சரு நகரல. நானும் பக்கத்துல ஒக்காந்தேன். வர்ற போற புள்ளைக எல்லாம் "மூணு, மூணு"ன்னு கத்துதுக. "எட்டுடா, பொறுங்க"ன்னு டீச்சரு சொல்றாக.

வெயில் சாயுறப்ப பாண்டிச்செல்வி வந்தா. பேசல, கூப்புடல. ஒரு தட்டுல புளிசாதம், தேங்கா சாதம், தயிர்சாதம் மூணும் வச்சு, டீச்சரு கைக்கு எட்டுற மாதிரி சன்னமா வச்சுட்டு நகந்துட்டா.

டீச்சரு கண்ணு எட்டு மேல. இடது பக்கம் மேல் வளைவுல ஒரு புள்ளி பத்துச்சு. "ஆ, பாருங்க பாருங்க"ன்னு குனிஞ்சாக. குனிஞ்ச மேனிக்கே கை தட்டுக்குப் போயிருச்சு. தயிர்சாதத்தப் பெசைஞ்சு ஒரு வாய்.

பாண்டிச்செல்வி கதவுக்குப் பின்னாடி நின்னு என்னையப் பாக்குறா. ஜெனிஃபரு வளையல் சத்தம் வந்துரும்னு ரெண்டு கையையும் வயித்தோட அமுக்கிக்கிட்டா. ஒருத்தரும் அசையல. அசைஞ்சா டீச்சருக்கு ஞாபகம் வந்துரும்ல.

ரெண்டாவது வாய். மூணாவது வாய். டீச்சரு தலைய நிமித்தாமலே கேட்டாக.

"ஊறுகா இருக்கா?"

பாண்டிச்செல்வி ஓடுன ஓட்டத்துல சாடியே வந்துருச்சு. கரண்டிய மறந்துட்டா. கையாலயே எடுத்து வச்சா.

சாயங்காலம் ஆத்தாளும் மகளும் கெளம்புனாக. பாண்டிச்செல்விதான் பையத் தூக்கிட்டுப் போயி ஆட்டோவுல வச்சா. அந்தத் தண்ணி பாட்டிலு இங்கயே நின்னுபோச்சு, ஒருத்தரும் எடுத்துக் குடுக்கல. எட்டு இன்னும் முழுசாகல, கீழ ஒரு துண்டு பாக்கி. எரியட்டும்னு விட்டுட்டாக.

"முழுசானதும் போன் போடுங்க. ஒம்பத நானே வந்து மாத்துறேன்"னாக டீச்சரு.

"குமிழு தானே, நாங்களே திருகி..."ன்னு ஆரம்பிச்சா பாண்டிச்செல்வி. தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனேன். ஒம்பது இருக்கு, ஏழு இருக்கு, ஆறு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் டீச்சரு வரணும்ல, கூறுகெட்டவளே!

எதுத்த வீட்டுக்குச் சொன்னது

ஆட்டோ தெரு முக்கு திரும்பல, எதுத்த வீட்டு சரசு வந்துட்டா. கூட அவ ஓரகத்தி.

"என்னக்கா, காலையில வந்த சம்பந்தியம்மா இப்பத்தான் போறாக. சாப்புடாமப் போவாகன்னு சொன்னீக. உள்ள எதும் பஞ்சாயத்தா?"

"பஞ்சாயத்தா? ஒக்காரக்கூட நேரமில்லாமப் போறாகளேன்னு நாங்களே வருத்தத்துல இருக்கோம். எட்டு மணிக்கு வந்தாக, எட்டு மணிக்கே கெளம்பிட்டாக."

"பத்து மணிக்கு மேல வந்தத நான் பாத்தேனே!"

"ஒங்க வீட்டுக் கடிகாரம் ரிப்பேரா இருக்கும் சரசு"ன்னேன். "சன்னல் வழியாப் பாரு. இப்பவும் எட்டுதான்."